நன்றாக மாற்றிக் கொடு என்று கேட்டால் எது மாறிப்போகிறது?

கேள்வி: ஐயா, நான் நாமக்கல் மாவட்டத்தில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. 'என் ஊர்' என்ற கட்டுரைப் போட்டிக்கு அதைப் பற்றி எழுதினேன். பிழை இருக்குமோ என்ற பயத்தில் ஏஐயிடம் கொடுத்து 'நன்றாக மாற்றிக் கொடு' என்று கேட்டு, அது கொடுத்ததையே அனுப்பிவிட்டேன். பாராட்டு கிடைத்தது. ஆனால் இப்போது படித்தால் யாரோ எழுதியது போல இருக்கிறது. எனக்கென்று ஒரு நடை இருக்கிறதா? இயந்திரமே எழுதும் காலத்தில் அது இனித் தேவையா? போனில் தட்டியே பழகியதால் பேனா பிடித்தால் வார்த்தை வருவதில்லை என்பது இன்னொரு கவலை. என் பத்தி, ஏஐ மாற்றிய பத்தி இரண்டையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

இரண்டையும் இணைத்தது நல்லதாகப் போயிற்று. இந்தக் கேள்வியைப் பொதுவாகப் பேசினால் எங்கும் போய்ச் சேராது. முதலில் அந்தப் பத்திகளையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் எழுதியது இது:

"தறிச் சத்தம் நின்றால்தான் எனக்கு முழிப்பு வரும். ராத்திரி கரண்ட் போனதும் நானும் அம்மாவும் எழுந்து உட்கார்ந்துவிடுவோம். பக்கத்து வீட்டுக் குழந்தை அழ ஆரம்பித்துவிடும். கல்யாணமாகி வந்த புதிதில் அம்மாவுக்கு இந்தச் சத்தத்தில் தூக்கமே வராதாம். இப்போது பாட்டி ஊருக்குப் போனால் அங்கே தூக்கம் வரவில்லை என்கிறது."

ஏஐ கொடுத்தது இது:

"விசைத்தறித் தொழில் எங்கள் பகுதி மக்களின் வாழ்வாதாரத்தில் முக்கியப் பங்கு வகிக்கிறது. இரவு பகல் பாராமல் அயராது உழைக்கும் நெசவாளர்களின் வாழ்க்கை, தறிகளின் இடைவிடாத ஓசையோடு பின்னிப் பிணைந்துள்ளது. அது வெறும் சத்தம் அல்ல. எங்கள் வாழ்வின் இசை."

இரண்டாவதில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதை எழுத விசைத்தறி ஓடும் வீட்டுக்குள் ஒரு நாள்கூட இருந்திருக்க வேண்டியதில்லை. 'விசைத்தறி' இருக்கும் இடத்தில் 'மீன்பிடி' என்றும் 'நெசவாளர்களின்' இருக்கும் இடத்தில் 'மீனவர்களின்' என்றும் போட்டு, 'தறிகளின்' என்பதை 'அலைகளின்' என்று மாற்றினால் அப்படியே நாகப்பட்டினத்துக்குப் பொருந்திவிடும். உங்கள் பத்தியை அப்படி வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. சத்தம் நின்றால் விழிப்பு வரும் என்பது தறி ஓடும் வீட்டில் பிறந்த பிள்ளைக்குத்தான் தெரியும். எல்லோரும் சத்தம் கேட்டு எழுவார்கள், இந்தத் தெருவில் சத்தம் நின்றால் எழுகிறார்கள். இதை நீங்கள் விளக்கவில்லை, அழகு என்றும் சொல்லவில்லை. அம்மாவின் தூக்கத்தைப் பற்றி இரண்டே வாக்கியம் எழுதினீர்கள், அதற்குள் ஒரு பெண் புகுந்த வீட்டுக்குப் பழகிப்போன காலம் முழுவதும் வந்துவிட்டது. உங்கள் நடை என்ன என்று கேட்டீர்களே, அது இதுதான். சாதாரணமான தகவலைச் சாதாரணமாகச் சொல்லி, எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்துவது. இரண்டாம் ஆண்டிலேயே இது கைக்கு வந்திருப்பதைப் பார்த்து எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

கட்டுரையின் நடுவில் இன்னொரு வாக்கியம் எழுதியிருந்தீர்கள்: "அச்சு பிணைக்க ஆள் வராவிட்டால் அன்றைக்கு முழுக்கத் தறி நிற்கும், அப்பா வாசலுக்கும் தறிக்கும் நடந்துகொண்டே இருப்பார்." தறியில் ஒரு பாவு, அதாவது நெடுக்கே ஓடும் நூல் தொகுதி, தீர்ந்ததும், புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கிற வேலை அது. அந்த வாக்கியத்தை ஏஐ, "தொழிலாளர் பற்றாக்குறையால் உற்பத்தி பாதிக்கப்படுகிறது" என்று மாற்றியிருக்கிறது. அச்சு பிணைக்கிறவரும் காணோம், வாசலுக்கு நடக்கிற அப்பாவும் காணோம். உங்களை உறுத்தியது இந்த இழப்புதான் என்று நினைக்கிறேன்.

இதற்காக இயந்திரத்தின் மேல் கோபப்பட வேண்டாம், அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும். ஏஐக்குப் பின்னால் இருக்கும் இந்த மொழி மாதிரிகள் ஏராளமான எழுத்துகளைப் படித்து, ஒரு துண்டுக்குப் பின் எந்தத் துண்டு வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துக் கணித்து வாக்கியத்தைக் கட்டுகின்றன. அப்புறம் மனிதர்கள் 'இந்தப் பதில் நன்று, இது வேண்டாம்' என்று தேர்ந்தெடுத்துக் காட்டியதை வைத்துப் பழக்கப்படுத்தப்படுகின்றன. ஆகவே யாருக்கும் உறுத்தாத, எல்லோரும் எதிர்பார்க்கிற வாக்கியத்தை நோக்கியே அவை சாயும். இணையத்தில் இருக்கும் தமிழில் செய்தி நடையும் கலைக்களஞ்சிய நடையும் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த நடையும் தாராளம். குமாரபாளையத்துத் தறிக்குடியில் பேசும் பேச்சு அதில் மிகக் குறைவு. நீங்கள் 'நன்றாக மாற்று' என்று சொன்னதும், அதிகம் பார்த்த பக்கத்துக்கு அது உங்கள் வாக்கியத்தை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

கணினிக்குள் தமிழ் எப்படி இருக்கிறது என்பதும் இதில் சேர்ந்துகொள்கிறது. 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோடில் அது ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. வழக்கமாகப் பயன்படும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், மொத்தம் 15 பைட். அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் ஐந்து பைட்டில் முடிந்துவிடும். மொழி மாதிரிகள் எழுத்தைத் துண்டுகளாக வெட்டித்தான் படிக்கின்றன. எந்த மொழியை அதிகம் பார்த்தனவோ அதில் முழுச் சொல்லே ஒரு துண்டாக அமையும்; குறைவாகப் பார்த்த மொழியில் ஒரு சொல்லே பல சில்லுகளாகும். அதிலும் அபூர்வமான தொழில் சொற்களின் நிலை இன்னும் மோசம். இது வருடத்துக்கு வருடம் முன்னேறி வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அது எவ்வளவு முன்னேறினாலும் உங்கள் அப்பா வாசலுக்கு நடந்ததை நீங்கள் சொன்னால்தான் அதற்குத் தெரியும்.

இனி உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன்: எழுதும் கருவி மாறினால் குரல் மாறாமல் இருக்குமா? மாறும். தமிழில் அது பலமுறை மாறியிருக்கிறது, கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் உங்களுக்குத் தைரியம் வரும்.

பனையோலையில் எழுத்தாணியால் கீறி எழுதிய காலத்தில் ஏடு கிழிந்துவிடும் என்பதால் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, காற்புள்ளி, கேள்விக்குறி எதுவும் கிடையாது. எகரமா ஏகாரமா, துணைக்காலா ரகரமா என்பதைப் படிக்கிறவர்தான் பொருள் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அந்த ஏடுகளைத் தேடி எடுத்து 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் ஒவ்வொரு வரியிலும் எவ்வளவு போராடியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எழுதவும் படிக்கவும் இவ்வளவு சிரமம் இருக்கும்போது, மனப்பாடத்துக்கு ஒத்துழைக்கிற செய்யுள்தான் முன்னால் நிற்கும். உரையாசிரியர்கள் உரைநடை எழுதினார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஒரு வீட்டில் ராத்திரி கரண்ட் போனதை உரைநடையில் சொல்லி நாலு பேரிடம் கொடுக்கலாம் என்ற எண்ணமே அந்தக் கருவியில் எளிதாகத் தோன்றாது.

பிறகு அச்சு வந்தது. 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் வந்தது. வீரமாமுனிவர் எ, ஏ என்றும் ஒ, ஓ என்றும் குறிலையும் நெடிலையும் வடிவத்திலேயே பிரித்துக் காட்டினார். 1835இல் அச்சகத்துக்கு இருந்த கட்டுப்பாடு நீங்கியதும் நம்மவர்கள் கைக்கு அச்சு வந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் நிறுத்தக்குறிகள் இட்டு, படிக்கிறவர் மூச்சு விடும் இடத்தைத் தாளிலேயே காட்டும் உரைநடையைப் பரப்பினார். உங்கள் பத்தியில் குட்டிக் குட்டி வாக்கியங்கள் இருக்கின்றனவே, முற்றுப்புள்ளி வைத்து நிறுத்தி, அடுத்ததைத் தொடங்கி, திரும்ப நிறுத்தி. ஓலைக்காலத்தில் இந்த உத்தியே கிடையாது. நீங்கள் 'என்னுடையது' என்று நினைக்கும் நடைக்குள் ஒரு பழைய தொழில்நுட்ப மாற்றம் ஏற்கெனவே குடியிருக்கிறது. அதனால் அது உங்களுடையது இல்லாமல் போய்விடவில்லை.

தட்டச்சுப்பொறி, 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம், கணினி, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத எழுத்துருக் குறியேற்றங்களோடு மல்லுக்கட்டிய வருடங்கள், யூனிகோடு என்று மிச்சக் கதை நீளம். ஒன்றை மட்டும் சொல்கிறேன், அது உங்கள் போனோடு நேராகத் தொடர்புடையது. நீங்கள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி, மேலே வரும் பட்டியலில் ஒன்றைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் கட்டுரையில் 'பழக்கம்' சரியாகவும், 'வாழைமரம்' மட்டும் 'வாளைமரம்' என்று தவறாகவும் இருப்பது அதைத்தான் காட்டுகிறது. அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது பொதுவான சொல். அவசரத்தில் விரல் அதைத்தான் தொடும். இப்படி நாள் முழுக்கத் தொட்டுக்கொண்டிருந்தால் நம் சொல் வளம் மெல்ல அந்தப் பட்டியல் அளவுக்குச் சுருங்கிவிடும். ஏஐ வருவதற்கு முன்பே இந்தத் தேய்மானம் தொடங்கிவிட்டது.

அதற்கு மாற்று இருக்கிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையைப் பழகுங்கள். உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கே விசை, முதல் மகரத்துக்குப் புள்ளி தானே விழும். ழகரத்துக்கு ஒரு விசை, ளகரத்துக்கு ஒரு விசை என்பதால், எது வேண்டும் என்று நீங்களேதான் முடிவெடுத்தாக வேண்டும். போனிலும் இது கிடைக்கிறது. பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

நான் வற்புறுத்திச் சொல்ல நினைப்பது இந்த 'முடிவெடுப்பது' பற்றித்தான். ஓலையும் அச்சும் தட்டச்சும் கையின் வேலையை மாற்றின. எதைச் சொல்வது, எதை விடுவது, எந்தச் சொல்லைப் போடுவது என்ற தீர்மானம் எழுதுகிறவரிடமே இருந்தது. இப்போது வந்திருக்கும் கருவி அந்தத் தீர்மானத்தையே வாங்கிக்கொள்ளத் தயாராக நிற்கிறது. கேட்டால் நொடியில் எடுத்துக்கொள்ளும். அதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு மற்ற எல்லா வேலையையும் கொடுத்தால் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை.

நடை எங்கிருந்து வருகிறது என்பதற்கு என் மனதில் எப்போதும் நிற்கும் சான்று இடைசெவல். கோவில்பட்டிப் பக்கத்துச் சின்னக் கரிசல் கிராமம். எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அங்கே 1923இல் பிறந்தவர்கள், சேர்ந்து வளர்ந்த நண்பர்கள். இருவருக்கும் சங்கீதப் பித்து. இருவரும் எழுதியது பேனாவில்தான். ஊர், காலம், கருவி எல்லாம் ஒன்று. ஆனால் பெயரை மறைத்துவிட்டு ஒரு பக்கத்தைக் கொடுத்தால் எது யாருடையது என்று சொல்லிவிடலாம். ராஜநாராயணன் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போலக் கதைக்குள் கதையாகப் போவார். அழகிரிசாமி குரலை உயர்த்தவே மாட்டார், சுத்தமான எழுத்து நடையில், நெஞ்சை அழுத்துகிற ஒரு சம்பவத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒதுங்கிவிடுவார். அழகிரிசாமி சென்னைக்குப் போய்ப் பத்திரிகைகளில் வேலை செய்தவர். ராஜநாராயணன் முப்பது வயதுக்கு மேல்தான் கதை எழுத வந்தார். உயர்படிப்பு இல்லாத அவர் கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டி அகராதியே தொகுத்தார், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. சாகித்திய அகாதெமி விருது 1970இல் அழகிரிசாமிக்கு அவர் மறைந்த பிறகும், 1991இல் ராஜநாராயணனுக்கும் கிடைத்தது.

ஒரே தெருவில் நடந்ததை இரண்டு பேர் பார்த்தால் ஒருவர் ஒன்றைக் கவனிக்கிறார், மற்றவர் வேறொன்றைக் கவனிக்கிறார். கவனித்ததில் எதை முதலில் சொல்வது என்பதிலும் வேறுபடுகிறார்கள். எதைச் சொல்லாமல் விடுவது என்பதில் இன்னும் அதிகமாக வேறுபடுகிறார்கள். இந்த மூன்றும் சேர்ந்ததைத்தான் நான் நடை என்பேன். வட்டாரச் சொல்லை அள்ளிப் போட்டால் நடை வந்துவிடாது. உங்கள் பத்தியில் அசல் கொங்குச் சொல் என்று அநேகமாக ஒன்றும் இல்லை, இருந்தும் அது உங்கள் பத்தி.

சரி, நடைமுறைக்கு வருவோம். முதல் வடிவத்தை நீங்களே எழுதுங்கள், எந்தக் கருவியில் வேண்டுமானாலும். பேசிப் பதிந்தாலும் தப்பில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) செய்யுள்களை வாயால் சொல்லிக்கொண்டே போவார், மாணவர்கள் ஏட்டில் எழுதிக்கொண்டே வருவார்கள் என்று அவரிடம் படித்த உ.வே.சா. விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். சொல்லி எழுதுவது நமக்குப் புதிதில்லை. ஆனால் போனில் குரல்வழி எழுதும்போது உங்கள் பேச்சு வழக்கை அது எழுத்து வழக்காகத் திருத்திப் போட்டிருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். எது வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

சந்திப்பிழைக்குப் பயந்து மொத்தக் கட்டுரையையும் ஏஐயிடம் ஒப்படைக்க வேண்டாம். நீச்சல்காரன் என்ற பெயரில் இயங்குபவர் உருவாக்கிய நாவி சந்திப்பிழையைக் காட்டும், வாணி எழுத்துப்பிழையைக் காட்டும். இரண்டும் குறையைச் சுட்டிக்காட்டுமே தவிர உங்கள் வாக்கியத்தைக் கலைத்து வேறொன்று கட்டாது. ஏஐயைக் கேட்டே ஆக வேண்டும் என்றால் 'மாற்றிக் கொடு' என்று கேட்காதீர்கள். 'இந்த ஊரைத் தெரியாத ஒருவருக்கு இதில் எந்த இடம் புரியாது?' என்று கேளுங்கள். உங்கள் கட்டுரைக்கு இதை நானே செய்து பார்த்தேன். அச்சு பிணைப்பது என்றால் என்ன என்று கேட்டது, நியாயமான கேள்வி. கரண்ட் போனால் கூலி எப்படி என்றும் கேட்டது. அதற்குப் பதில் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. நெய்த துணி மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் குடும்பத்தில் தறி நின்ற நேரத்துக்குக் காசு கிடையாது. ராத்திரி எழுந்து உட்கார்ந்த அம்மா தூக்கம் கலைந்ததால் மட்டும் உட்கார்ந்திருக்க மாட்டார் என்று நான் ஊகிக்கிறேன். கேட்டுப் பாருங்கள். கட்டுரையின் கனமான இடம் அங்கேதான் இருக்கும்.

மாற்றி எழுதும் கட்டத்தில் உரக்கப் படித்துப் பாருங்கள். எங்கே உங்கள் வாய் வேறு சொல்லைச் சொல்லப் பார்க்கிறதோ அங்கே எழுதியது பொய். 'வாழ்வாதாரம்' என்ற சொல்லை உங்கள் வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 'பொழப்பு' என்றுதான் சொல்வார்கள். எழுத்து நடையில் 'பிழைப்பு' என்று போட்டால் போதும்.

எழுதிய வடிவங்களை அழிக்காமல் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இது நடைக்காகச் சொல்வதல்ல, உங்கள் பாதுகாப்புக்காக. 'இது நீ எழுதியதா' என்று கேட்கும் ஆசிரியர்கள் இப்போது அதிகம். ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பி முடிவெடுப்பது சரியில்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே இப்படி ஒரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆங்கிலம் அல்லாத மொழிகளில் அது இன்னும் மோசமாக வேலை செய்யும் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். உங்கள் கையில் மூன்று வடிவங்கள் இருந்தால், எந்த வரி எப்படி மாறியது என்று காட்டி நீங்களே பேசலாம். அந்தப் போட்டிக்கு அனுப்பியது பற்றியும் ஒரு வார்த்தை: நடத்தியவர்களுக்கு ஒரு கடிதம் எழுதி நடந்ததைச் சொல்லிவிடுங்கள், உங்கள் சொந்தக் கட்டுரையையும் இணைத்து அனுப்புங்கள். பாராட்டு போனாலும் பரவாயில்லை. அந்தக் கட்டுரை உங்கள் பெயரில் வெளியே போக வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

கடைசியாகப் பேனா. அதில் வார்த்தை வராததற்குக் காரணம் பழக்கம் விட்டுப்போனதுதான், மனசில் ஒன்றும் குறைந்துவிடவில்லை. போனில் அழித்து அழித்து எழுதிப் பழகியவர்கள் வாக்கியத்தை முடிக்கும் முன்பே திருத்தத் தொடங்கிவிடுவார்கள். தாளில் அது முடியாததால் கை நின்றுவிடுகிறது. பல்கலைக்கழகத் தேர்வை இன்னும் கையால்தான் எழுதுகிறீர்கள், அதனால் இதைத் தள்ளிப்போட முடியாது. தினமும் ஒரு பக்கம், அடித்தல் திருத்தல் பற்றிக் கவலைப்படாமல் எழுதுங்கள். எதைப் பற்றி எழுதுவது என்று தேட வேண்டாம். அன்றைக்குத் தறியில் என்ன ஓடியது, யார் வந்தார்கள், அப்பா என்ன சொன்னார் என்று ஆரம்பியுங்கள். தார் (குறுக்கு நூல் கண்டு) சுற்றும்போது பாட்டி பேசுவதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். பேனாவில் வேகம் வர ஒரு பருவம் ஆகலாம், அதுவரை தேர்வுக்கு மட்டும் பழைய வினாத்தாள் ஒன்றை வைத்து மணி பார்த்து எழுதிப் பழகிக்கொள்ளுங்கள்.